முதல் மூன்று மீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு எண்பது வயது என்று பி பிளாக்கில் பேசிக்கொள்கிறார்கள். எழுபத்து நான்கு. பிறப்புச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். பிரேக்கை மிதிக்கப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. நான் பிரேக்கைத் தேடவே இல்லை. கிளம்புவதற்காக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டேன், கார் பாய்ந்தது. தொடுவதற்கும் மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நாற்பத்தெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவளுக்குத் தெரியும்.

நடந்ததை ஒரு முறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மே 29, வியாழன், காலை ஏழு ஐம்பது. மகள் லிடியா மூன்று மாத வேலையாக சிங்கப்பூர் போகும்போது தன் எலெக்ட்ரிக் காரை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி கெட்டுவிடும், வாரம் இரண்டு முறை ஓட்டுங்கள் என்றாள். அன்றுதான் முதல் முறையாக எடுத்தேன். குடியிருப்பின் வாசலில் குறுக்குக் கம்பிக்கு முன்னால் நின்றேன். காவலாளி மாரப்பன் கயிற்றை இழுத்துக் கம்பியைத் தூக்கினான். நான் கிளம்பினேன். அவன் கம்பியை மறுபடியும் இறக்கிவிட்டான். கார் கம்பியை முறித்து, அவனுடைய மேஜையைத் தள்ளி, தூணில் போய் நின்றது. மாரப்பனுக்கு முழங்காலில் ஏழு தையல். எனக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் நந்தகோபாலுக்கு எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில், எப்போதும் போல, எழுத்தில் பதில் தேவை என்று குறிப்பிட்டேன். நேற்று பதில் வந்தது. என் புகார் ஏற்கப்பட்டது. மாரப்பன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான்.

வாசல் கேமரா மார்ச்சிலிருந்து வேலை செய்யவில்லை. அதைப் பற்றியும் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

லிஃப்டில் ரங்கநாயகி. எதிர் வீடு, நல்ல பெண்மணி, வாய்தான் நிற்காது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த எலெக்ட்ரிக் எல்லாம் நம்ம காலுக்கு ஆகாதுங்க. பேசாம ஆட்டோல போய்ட்டு வந்துருங்க."

"ஆட்டோவில ஏற மட்டும் வேற யார் காலாவது வருமா?" என்றேன்.

சிரித்தாள். ஆனால் "நம்ம காலுக்கு" என்று அவள் சொன்னது மதியம் வரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். காற்றோடு தூறலும் சேர்ந்து, காயவில்லை.

ஜூன் 7, சனி

லிடியா போனில் பேசினாள். கார் பட்டறையிலிருந்து புதன்கிழமை வரும் என்றேன்.

"மம்மி, வந்ததும் சாவியை ரங்கநாயகி ஆன்ட்டிகிட்ட குடுத்துடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... கொஞ்ச நாளைக்கு."

"டாடி வண்டி சாவியையும் குடுத்துடணுமா?"

அங்கே மழை உண்டா என்று பேச்சை மாற்றினாள். அதுவே பதில். அவள் அப்பாவின் வண்டி ஹைப்ரிட். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. அவர் வாங்கி ஐந்து மாதம்தான் ஓட்டினார். டிசம்பர் வந்தால் அவர் போய் இரண்டு வருடம். நான் அதில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. அப்படியானால் கோளாறு ஓட்டுகிறவளிடமா, காரிடமா? ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

லிடியாவிடம் கேட்டேன்: "நீ ஸ்போர்ட்டுங்கிற நிலையில வச்சுட்டுப் போனியா?"

"இல்ல மம்மி. ஈகோலதான் இருந்துச்சு. அது மெதுவான மோடு."

அவள் மறந்திருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். கோவிலில் எனக்கு முன் வரிசையில் இடம் காலியாக இருந்தும் பின்னால் உட்கார்ந்தேன். முழங்கால் வலி. பிரசங்கம் நீளம்.

ஜூன் 10, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். அளந்து காட்டப் போகிறேன்.

இருபத்திரண்டு வருடம் மாவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நேரக் காப்பாளராக இருந்திருக்கிறேன். கணக்கு டீச்சர் என்பதைவிட அந்தப் பெயர்தான் எனக்கு அதிகம். என் ஸ்டாப் வாட்ச் இன்னும் ஓடுகிறது. எங்கள் விதிகள் இரண்டு. ஒன்று, துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தக் கூடாது. புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். சத்தம் தாமதமாக வரும், கண் ஏமாற்றாது. இரண்டு, ஒரே ஓட்டத்துக்கு மூன்று கடிகாரம். மூன்றில் நடுவில் உள்ள நேரமே நேரம். அதிகம் காட்டியதையும் குறைவாகக் காட்டியதையும் ஒதுக்கிவிடுவோம்.

எலெக்ட்ரிக் காரும் ஹைப்ரிட் காரும் நின்ற நிலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகம் தொட எத்தனை வினாடி எடுக்கின்றன? இதை எழுதிக் கொடுத்தால் பி பிளாக் வாயை மூடும்.

ஆட்களும் கிடைத்துவிட்டார்கள். ஓட்டுவதற்கு ஆக்டிங் டிரைவர் குப்புராஜ். லிடியா ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர்தான் வருவார். இரண்டாவது கடிகாரம் ரங்கநாயகியின் போன். மூன்றாவது அவள் கணவருடையது. அவர் சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார், எதையும் டேப் வைத்துத்தான் நம்புவார். எனக்குப் பிடித்த மனிதர்.

ஜூன் 11, புதன்

கார் வந்தது. புது பம்பர், நிறம் ஒரு துளி வேறுபடுகிறது. சொன்னேன். பட்டறைக்காரர் எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்றார். எனக்குத் தெரிந்தால் போதாதா?

ஜூன் 14, சனி

மதுக்கரை தாண்டி, மனை பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில் புதுத் தார்ச் சாலை. நேராக முக்கால் கிலோமீட்டர். வீடு ஒன்றும் கிடையாது, எல்லைக் கற்கள் மட்டும். இரண்டு கார்களோடு போனோம். ஹைப்ரிட்டை நான் ஓட்டிக்கொண்டு போனேன், எலெக்ட்ரிக்கைக் குப்புராஜ். காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம்.

குப்புராஜ், அறுபது வந்ததும் ஹாரன் அடிக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். பிரேக்கைத் தொடுங்க. சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்துவோம்."

"ஏனுங்கம்மா, ஹாரன் கேக்காதுங்களா?"

"கேட்கும். ஆனா சத்தத்தை நம்பறதில்லை."

ஒவ்வொரு காருக்கும் மூன்று ஓட்டம். நடு நேரம் எழுதுகிறேன். எலெக்ட்ரிக்: 4.2, 4.1, 4.2. ஹைப்ரிட்: 5.8, 5.9, 5.7. ஒன்றரை வினாடிக்கு மேல் வித்தியாசம். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒன்றரை வினாடி என்றால் மாவட்டத்தில் ஜெயிப்பதற்கும் பள்ளியிலேயே தோற்பதற்கும் உள்ள தூரம்.

குப்புராஜுக்கே உற்சாகம். "ஹைப்ரிட்டு நல்லாத்தான் போகுதுங்க. ஆனா மிதிச்சதீம் ஒரு யோசனை பண்ணுது, அப்புறம் எஞ்சின் முழிச்சு உறுமிட்டுத்தான் கெளம்புது. இது அப்படி இல்லைங்க. நெனைக்கறதுக்குள்ள முதுகைப் புடிச்சுத் தள்ளுது."

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"போட்டுட்டாப் போகுதுங்க."

ரங்கநாயகி பொட்டலம் பிரித்து இட்லி கொடுத்தாள். நான் இரண்டாவது இட்லியில் இருந்தபோது அவள் கணவர் கேட்டார்: "டீச்சர், அன்னிக்கு நீங்க நின்ன இடத்துக்கும் கம்பிக்கும் எவ்வளவு தூரம்?"

"மூணு மீட்டர் இருக்கும்."

"மூணு மீட்டர்ல அறுபது வந்திருக்காதுங்களே."

அவ்வளவுதான் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றொன்றும் குறித்து வைக்கிறேன். ஆறு ஓட்டத்திலும் நடு நேரம் என் கடிகாரத்தில் வரவில்லை. சில முறை அதிகம், சில முறை குறைவு. கடிகாரத்துக்கு எண்ணெய் போட வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

வானொலி மணியோடு கடிகாரத்தை ஒப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு வினாடிகூடப் பிசகவில்லை.

எண்ணெய் தேவையில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். புது ஏஜென்சி, புதுக் காவலாளி, பொத்தானை அமுக்கினால் தானாக எழும் புதுக் கம்பி. தூணில் இடித்த தடம் இருக்கிறது. நான் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று உண்டு, அதனால் சரியாகத் தெரியும். 3.1 மீட்டர்.

மாரப்பனின் மேஜை இருந்த இடம் கறையிலிருந்து நேர் எதிரே. இடையில் எதுவும் மறைக்கவில்லை. அவன் கம்பியைத் தூக்கியதை நான் பார்த்தேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

தூக்கியதாகத்தான் நினைவு.

விசாரணையில் அவன், "நான் கம்பியத் தொடவே இல்லைங்க. நில்லுங்கன்னு கையத்தான் காட்டினேன்" என்று சொன்னான். நந்தகோபால் என்னைப் பார்த்தார். நான் என் கடிதத்தைப் பார்த்தேன். அதோடு முடிந்தது.

ஜூன் 18, புதன்

மறுபடி மதுக்கரை. இந்த முறை ரங்கநாயகியின் கணவர் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டார், இடையில் மூன்று மீட்டர் பத்து. முன் சக்கரம் கோட்டைத் தாண்டும் நேரத்தை எடுத்தோம்.

முழுதாக மிதித்து: எலெக்ட்ரிக் 1.3. ஹைப்ரிட் 1.5. வித்தியாசம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கையால் அமுக்கும் கடிகாரத்தில் அந்த அளவு வித்தியாசத்தை நானே ஏற்கமாட்டேன். இரண்டு ஓட்டக்காரர்கள் அப்படி வந்தால் சேர்ந்து வந்தார்கள் என்றுதான் எழுதுவேன்.

அடுத்து, "தொட்டு" ஓட்டச் சொன்னேன். குப்புராஜ் எலெக்ட்ரிக்கை நகர்த்தினார். நான்கு வினாடி ஆயிற்று கோட்டைத் தாண்ட. நடந்தே போகலாம்.

"இன்னொரு முறை. ஸ்போர்ட்டில் வையுங்க."

வைத்தார். தொட்டார். மூன்றேகால் வினாடி.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "லேசாத் தொட்டா இதும் பூனையாட்டந்தானுங்கம்மா போகுது. பாயோணும்னா நல்லா அழுத்தோணும்ங்க" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரோடு எறக்கமா இருந்தா வேற மாதிரிங்க" என்றார்.

எங்கள் வாசல் இறக்கம் இல்லை. அடித்தளக் கார் நிறுத்தத்திலிருந்து ஏறி வந்தால் மேலே சமதளம்.

நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். ரங்கநாயகி "வேண்டாம் டீச்சர்" என்றாள். அவள் கணவர் தன் போன் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். ஏறி உட்கார்ந்தேன். அன்று போலவே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் மனதில் வைத்துக்கொண்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. கார் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. கால் தானாக இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று, இன்னும் கொஞ்சம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1.4.

ஹைப்ரிட்டில் அழுத்தினால் எஞ்சின் உறுமும். அந்த உறுமல் கேட்டதும் காலைத் தளர்த்துவேன். அதற்கு முன் இருந்த பெட்ரோல் கார்களிலும் அதே பழக்கம். நாற்பத்தெட்டு வருடம் என் காது சொல்லி என் கால் கேட்டிருக்கிறது. இந்தக் காரில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

புகையைப் பார், சத்தத்தைக் கேட்காதே என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்.

திரும்பும்போது இரண்டு கார்களையும், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நடையில், குப்புராஜையே ஓட்டச் சொன்னேன். ஹைப்ரிட்டின் இடது பக்க இருக்கையில் என் கணவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கிடக்கிறது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் எடுத்து உள்ளே வைக்க நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தூக்கம் சரியில்லை. அரிசி களைந்தேன், இரண்டு முறை உப்புப் போட்டேன், கொட்டினேன்.

இதை இங்கே எழுதிவிடுகிறேன். அடித்தளத்திலிருந்து நான் மேலே ஏறி வரும்போது கம்பி எப்போதும் திறந்திருக்கும். பன்னிரண்டு வருடமாக நான் ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. என் வண்டியின் எஞ்சின் சத்தம் சரிவில் கேட்டதும் மாரப்பன் எழுந்து ஒரு கையால் கயிற்றை இழுப்பார், மறு கையை எனக்கு வணக்கமாக உயர்த்துவார். அந்தக் கை உயர்ந்தால் கம்பி மேலே இருக்கிறது என்று அர்த்தம். நான் கம்பியைப் பார்த்ததே இல்லை. கையைத்தான் பார்த்தேன்.

அன்று அவருக்கும் சத்தம் கேட்கவில்லை. கூரியர்காரரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஹாரன் அடித்தேன், இரண்டு முறை. எனக்குக் கோபம். அவர் பேனாவை வைக்காமலே மறு கையை உயர்த்தினார். நில்லுங்கள் என்றுதான் உயர்த்தினார்.

கயிற்றில் கையே இல்லை.

ஜூன் 21, சனி

நந்தகோபால் வீட்டுக்குப் போய்ப் புதுக் கடிதம் கொடுத்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், கம்பியை மாரப்பன் தூக்கவும் இல்லை இறக்கவும் இல்லை, தவறு என்னுடையது என்று. அளவுகளையும் இணைத்திருந்தேன். அவர் படித்துவிட்டு அதை மடித்து என் பக்கமே தள்ளினார்.

"டீச்சர், முடிஞ்சு போன விஷயம்ங்க. புது ஏஜென்சி போட்டாச்சு. இப்பப் போயி நீங்களே எழுதிக் குடுத்தா, இன்சூரன்ஸ்ல வேற நோண்டுவாங்க. உங்க லைசென்ஸுக்கும் நல்லதில்லை."

"நோண்டட்டும்."

"உங்க பேருக்காகத்தாங்க சொல்றேன். இந்தக் காம்பவுண்டுல உங்க வார்த்தைன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குது."

"அந்த மரியாதையிலதான் ஒரு ஆள் வேலை போச்சு. எடுத்துக்கோங்க, நந்தகோபால். வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். மாரப்பனைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஜூன் 29 ஞாயிறு கமிட்டிக் கூட்டம் இருக்கிறதாம். "அந்த ஆள் பக்கத்துல இருந்தும் ஒரு லெட்டர் இருந்தா வச்சுப் பேசலாம்ங்க. அவரு வாயில சொன்னதுதானே தவிர, பைல்ல அவரு தரப்புன்னு ஒண்ணும் இல்லை."

பைலில் இருப்பது என் தரப்பு மட்டும்தான்.

ஜூன் 22, ஞாயிறு

கோவில் முடிந்து ஆட்டோவில் போத்தனூர் போனேன். ரங்கநாயகியிடம் சொல்லவில்லை. மாரப்பனின் வீடு ரயில் பாதையை ஒட்டிய வரிசையில். அவர் இல்லை. மனைவி பொன்னாத்தா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"குடோனுக்கு லோடு எறக்கப் போயிருக்காருங்க."

"அந்தக் காலோடயா?"

"வேற எந்தக் காலுங்க இருக்குது அவருக்கு?"

மறுபடி உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தார்.

"முட்டி மடங்க மாட்டீங்குது. ஒக்காந்து பாக்கற வேலைதான் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. ஒக்காந்து பாத்துட்டுத்தான இருந்தாரு." வெங்காயத்தோலை முறத்திலிருந்து உதறினார். "டீச்சரம்மா பொய் சொல்லமாட்டாங்க, எனக்குத்தான் ஏதோ நெனப்புப் பெசகியிருக்கும்னு வந்து சொன்னாருங்க. நான்தான் கேட்டேன், கைய நீட்டுனது நெசந்தானன்னு. நெசந்தான், ஆனா அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க, எழுத்துல இருந்தா அதுதான் கணக்குன்னாரு."

"நான் தப்பா எழுதிட்டேன், பொன்னாத்தா. நேத்து மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "சரிங்க" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வரும் வழியெல்லாம் ஆட்டோவின் இரைச்சல்.

ஜூன் 23, திங்கள்

மாரப்பனுக்கு எழுதிய கடிதத்தின் நகல். இதைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

திரு. மாரப்பன் அவர்களுக்கு,

மே 29 காலை நீங்கள் கம்பியைத் தூக்கவில்லை, இறக்கவும் இல்லை. என்னை நிற்கச் சொல்லிக் கை காட்டினீர்கள். நான் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டேன். காரை அளவுக்கு மேல் அழுத்தியது என் கால். காரில் கோளாறு இல்லை, உங்கள் நினைவிலும் கோளாறு இல்லை. இதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நானே வாசிக்கப் போகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்பதற்கு நேரில் வந்தேன், நீங்கள் இல்லை. மறுபடியும் வருவேன்.

லிடியாவின் காரை அவள் வரும் வரை குப்புராஜ்தான் ஓட்டுவார். என் வண்டியை நான் ஓட்டலாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும் என்று வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் ஓட்டலாம் என்று சொன்னால், இனிமேல் வாசலில் நின்று, கம்பி மேலே போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்வேன். அங்கே உட்கார்ந்திருப்பது நீங்களாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் வாயால் சொன்னதை அன்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் உள்பட. அதனால் அன்று நடந்ததை நீங்கள் கண்டபடி உங்கள் கையால் எழுதுங்கள். என்னைப் பற்றி எழுத வேண்டியது இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். திரும்ப வேலைக்கு வர உங்களுக்கு விருப்பமா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது 29ஆம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும். என் கடிதத்துக்கு மேலே வைத்துக் கொடுக்கிறேன்.

எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

சுகிர்தா தேவசகாயம்